மழைக்காட்டிற்குப் புறப்படுமுன்



சென்ற மாதம் ஒருநாள் மாலையில் கல்லூரி மாணவர் நால்வர் மயிலாப்பூரிலுள்ள என் வீட்டிற்கு வந்தனர். இருவர் அடையாற்றுப் பிள்ளைகள். இருவர் தியாகராய நகரைச் சேர்ந்தவர்கள். நால்வரும் ஒரு காலத்தில் என் பள்ளியில் பயின்றவர்கள். "ஐயா, பொதிகை மலைத் தொடரில் உள்ள மழைக்காட்டைப் பார்த்துவரப் போகிறோம். நான்கு நாள் பயணம். திட்டம் எழுதிவிட்டோம். ஒருமுறை பார்த்துத் திருத்தித் தாருங்கள்" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு இதைவிட மகிழ்ச்சி தருவது வேறு யாது? சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு அமர்ந்தேன்.

தாள் மிக ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. காலை ஆறு மணிக்கு அருவி, எட்டரை மணிக்குச் சிற்றுண்டி, ஒன்பது மணிக்கு யானை, பதினொரு மணிக்குச் சிங்கவால் குரங்கு, இடையிடையே புகைப்படம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு வேலை. எங்கள் பள்ளிக் கால அட்டவணையும் அதனிடம் தோற்றுப் போகும். "யானைக்கு இதில் ஒரு படி அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டேன். "மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? பாதி வழியில் வழிகாட்டி, 'இனிப் போக வேண்டாம், திரும்புவோம்' என்றால் என்ன செய்வீர்கள்?" ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். விடை வரவில்லை.

அவர்களைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. 1994ஆம் ஆண்டில் இத்தகைய தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இருபத்துநான்கு சிறுவர்களை மலைமேல் அழைத்துச் சென்றவன் நான். அந்தச் செய்தியைப் பின்னர்ச் சொல்லுகிறேன். அதற்குமுன், மழைக்காடு என்பது யாது, அங்கே செல்லுமுன் நாம் அறிய வேண்டியவை எவை என்பதைக் காண்போம்.

சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பொதிகைத் தொடரின் உயர்ந்த சரிவுகளிலோ நிலைமை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழையும் அம்மலைக்கு உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று கொணரும் மழையும் உண்டு. காக்காச்சி போன்ற இடங்களில் ஆண்டு மழை 300 சென்டிமீட்டரையும் கடந்துவிடுகிறது. மழைக்காலத்துச் செய்தித்தாளில் வரும் மழையளவுப் பட்டியலில் நாலுமுக்கு, ஊத்து என்னும் பெயர்களை நீங்கள் கண்டிருக்கலாம். அவை இந்த மலைமேல் உள்ள இடங்களே.

இவ்வாறு ஆண்டின் பெரும்பகுதி ஈரம் வற்றாத இடத்தில், மரங்கள் ஒரே காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்பதில்லை. எப்போதும் பச்சையாகவே இருக்கின்றன. ஆதலின் இதனைப் பசுமைமாறாக் காடு என்றும் கூறுவர். உயர்ந்த மரங்களின் முடிகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரு கூரை போல் அமைகின்றன. அதன் கீழே நடுத்தர மரங்கள். அவற்றின் கீழே செடிகளும் பிரம்பும் பெரணியும். கதிரவன் ஒளியில் சிறு பங்கே தரைக்கு வந்து சேரும். நண்பகலிலும் அங்கே அந்திப் பொழுது போல் தோன்றும்.

இவ்வளவு செழித்த காட்டின் மண் மிகவும் வளமானதாக இருக்க வேண்டும் என்று நீங்கள் எண்ணலாம். வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டபோதெல்லாம் பெரும்பாலான மாணவர் அவ்வாறே விடை சொன்னார்கள். உண்மை வேறு. மழைக்காட்டில் சத்துகளின் பெரும்பகுதி மண்ணில் சேமித்து வைக்கப்படுவதில்லை. உயிருள்ள மரஞ்செடிகளிலேயே இருக்கிறது. இலை விழுகிறது; காளானும் கறையானும் எண்ணற்ற நுண்ணுயிர்களும் அதை விரைவில் மக்கச் செய்கின்றன; மேலாகப் படர்ந்த வேர்கள் உடனே அச்சத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. கைக்கு வந்த கூலியை அன்றன்றே செலவிட்டு வாழும் குடும்பத்தைப் போன்றது இந்தக் காடு. மரத்தை வெட்டிவிட்டால், எஞ்சிய மண்ணைக் கனத்த மழை அடித்துச் சென்றுவிடும். நூறுபேர் நடந்து அகலப்படுத்திய ஒற்றையடிப் பாதையில்கூட வேர்கள் வெளியே தெரிவதையும், மழைநீர் வாய்க்கால் போல் ஓடுவதையும் காணலாம். பாதையை விட்டு விலகாதீர்கள் என்று வனத்துறையினர் சொல்லுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்காட்டில் உயிர்கள் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்து நிற்கின்றன என்பதற்கு ஒரு மரத்தைச் சான்றாகக் காட்டுகிறேன். வெடிப்பலா என்பது அதன் பெயர். தென்கிழக்காசிய நாடுகளில் பெயர்பெற்ற துரியன் பழமரத்தின் உறவு, காயெல்லாம் முள். மற்ற மரங்களில் பழங்கள் அருகிப்போகும் உலர்ந்த மாதங்களில் இதன் கிளைகளில் சதைப்பற்றுள்ள பூக்கள் கொத்துக் கொத்தாகத் தோன்றுகின்றன. சிங்கவால் குரங்கும், வௌவாலும், மலை அணிலும் அப்பஞ்ச காலத்தில் அதனை நாடுகின்றன. சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. வெடிப்பலா குறைந்தால் அக்குரங்கின் உணவுத்தட்டு காலியாகும். இருவாட்சிப் பறவையோ பழங்களை விழுங்கி, விதைகளைத் தொலைவில் கொண்டு போய்ச் சிந்துகிறது. பெண் இருவாட்சி முட்டையிடும் காலத்தில் முதிர்ந்த மரப்பொந்தில் புகுந்து, சிறு துவாரம் மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை அத்துவாரத்தின் வழியே உணவு ஊட்டும். நாம் அம்மரத்தடியில் நின்று கூச்சலிட்டு, ஆண் பறவை நெருங்க அஞ்சி விலகிச் சென்றால், பட்டினி கிடப்பது உள்ளே இருக்கும் தாயும் குஞ்சுமே. காட்டில் பேசாதிருப்பது வெறும் மரியாதை அன்று என்பது இப்போது விளங்கும்.

இனி, நம் மாணவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தைப் பார்ப்போம். நெல்லைச் சீமையின் மேற்கெல்லையில் நிற்கும் பொதிகைத் தொடரில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அமைந்துள்ளது. முண்டந்துறை 1962ஆம் ஆண்டில் புலிகளுக்கான சரணாலயமாயிற்று. களக்காடு 1976ஆம் ஆண்டில் சிங்கவால் குரங்கைக் காக்கும் பொருட்டுச் சரணாலயமாக்கப்பட்டது. 1988இல் இரண்டும் இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. அகத்தியர் மலையைச் சூழ்ந்த பகுதி 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016இல் ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தின் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது. தாமிரபரணி பிறப்பது இம்மலையில்தான். ஒரு மாநிலத்திலேயே பிறந்து, அதே மாநிலத்திலேயே கடலில் கலக்கும் அந்த ஆறு, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் கார், பிசானப் பயிர்களுக்கு உயிர். மழைக்காடு தன்மேல் பெய்யும் நீரைப் பஞ்சுபோல் ஏற்றுச் சிறிது சிறிதாகக் கசிய விடுவதால்தான் கோடையிலும் அந்த ஆற்றில் நீர் காண்கிறோம்.

ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். காப்பகம் முழுவதும் மழைக்காடு அன்று. அடிவாரத்தில் முட்புதர், சற்று மேலே கோடையில் இலையுதிர்க்கும் காடு, ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்திற்குமேல்தான் பசுமைமாறாக் காடு வளம்பெறுகிறது. முண்டந்துறைச் சமவெளியில் தங்கி, சாலையோர மரங்களைக் கண்டுவிட்டு, "மழைக்காட்டைப் பார்த்தேன்" என்று ஒருவர் எழுதினால், அவர் வாயிற்படியைக் கண்டு வீட்டை வருணித்தவர் ஆவார். ஆதலின், திட்டமிடும்போது முதலில் கேட்கவேண்டியது, "எந்தப் பாதையில், எவ்வளவு உயரம் வரை செல்ல இப்போது அனுமதி உண்டு?" என்பதே.

இதனால் அனுமதியைப் பற்றிப் பேச வேண்டியதாகிறது. காப்பகத்தின் அலுவலகங்கள் அம்பாசமுத்திரத்திலும் களக்காட்டிலும் உள்ளன. அங்கே முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். எத்தனை பேர், எந்த நாள்கள், நோக்கம் யாது, பொறுப்பாசிரியர் யார் என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். கோடையில் தீ அச்சத்தாலும், மழைக்காலத்தில் வெள்ள அச்சத்தாலும் பாதைகளை மூடிவிடுவதுண்டு. சென்ற ஆண்டு நண்பர் போன பாதை இவ்வாண்டும் திறந்திருக்கும் என்று எண்ணக்கூடாது. தமிழக அரசு 2024ஆம் ஆண்டு அக்டோபரில் நாற்பது மலைப்பாதைகளைத் தேர்ந்து, முன்பதிவு செய்து வழிகாட்டியுடன் செல்லும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதன்முறை செல்லுவோர் அத்தகைய பாதையில் தொடங்குவது நன்று.

அனுமதி என்றால் வெறும் முத்திரைத் தாள் என்று நினைப்பவர்கள் 2018 மார்ச் 11ஆம் நாளை மறக்கலாகாது. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் அன்று மூண்ட காட்டுத்தீயில், மலையேற்றத்திற்குச் சென்றிருந்த இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்னையிலிருந்து சென்றவர்கள் பலர், பெரும்பாலோர் இளைஞர்கள். அது மழைக்காடு அன்று. காய்ந்த புல் நிறைந்த சரிவு. ஆயினும் பாடம் ஒன்றே. எந்தக் குழு எந்தப் பாதையில் இருக்கிறது என்பது அடிவாரத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளை அரசு வகுத்தது. அந்த விதிகளுக்குப் பின்னே அத்தனை பெற்றோரின் கண்ணீர் இருக்கிறது.

ஏற்ற காலம் எது? பொதுவாக, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னர், தை, மாசி மாதங்கள் ஏற்றவை. ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு மக்கள் பெருந்திரளாக வருவர். வழிபாட்டிற்குரிய அந்நாள்கள் காட்டைப் பயில ஏற்றவை அல்ல. மார்கழியையும் முழுதும் நம்ப இயலாது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நினைவு கூருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, தாமிரபரணி கரைபுரண்டது. ஆகவே, எந்த மாதமாயினும், "போகாமல் இருத்தல்" என்பதும் உங்கள் திட்டத்தின் ஒரு பிரிவாக இருக்கட்டும்.

இப்போது நாள்களைப் பங்கிடுவோம். சென்னையிலிருந்து இரவு வண்டியில் ஏறினால், ஏறத்தாழ 650 கிலோமீட்டர் கடந்து காலையில் திருநெல்வேலி சேரலாம். அங்கிருந்து அம்பாசமுத்திரம், பின் பாபநாசம் வழியே காப்பகத்தின் சோதனைச் சாவடி. முதல் நாள் காட்டினுள் நடை வேண்டாம். அனுமதித் தாளைச் சரிபார்ப்பது, வழிகாட்டியைச் சந்திப்பது, உடல் களைப்பாறுவது, தங்குமிடத்தின் சுற்றுப்புறத்தைப் பார்ப்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் விடியற்காலையில் நடை தொடங்கிப் பகல் பதினொரு மணிக்குள் திரும்புதல் வேண்டும். மூன்றாம் நாளை எழுதாமல் விடுங்கள். மழை பெய்யாவிட்டால் அன்று இரண்டாவது நடை. பெய்தால் திண்ணையில் அமர்ந்து மழையைப் பார்ப்பது. மழைக்காட்டிற்குச் சென்று மழையைப் பார்த்தவன் ஏமாந்தவன் ஆகமாட்டான். நான்காம் நாள் திரும்பும் பயணம். நான்கு நாள் பயணத்தில் காட்டு நடைக்குக் கிடைப்பது இரண்டு காலைப் பொழுதுகளே என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால் அவசரம் இராது. அவசரமே விபத்துக்குத் தாய்.

குழு சிறியதாக இருக்கட்டும். ஒரு வழிகாட்டிக்கு எட்டுப்பேருக்கு மேல் வேண்டாம். எண்மரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடிய தொலைவில் நடக்க வேண்டும். மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம்.

எடுத்துச் செல்லவேண்டியவை பல அல்ல. மங்கிய பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் முழுக்கை உடை, வழுக்காத அடிப்பகுதியுள்ள பழகிய காலணி, மழையங்கி, மாற்றுடை, கைவிளக்கு, தண்ணீர்ப்புட்டி, நனையாத உறையில் மருந்து, ஒரு குறிப்பேடு, இரண்டு பென்சில். பேனாவின் மை ஈரத்தில் கரையும், பென்சில் கரையாது. கைப்பேசியை எடுத்துச் செல்லலாம். ஆனால் உட்காட்டில் அது பேசும் என்று நம்பிவிடாதீர்கள். எந்த நாளில், எந்த மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரிடம் கேட்பது என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உண்டு. கொண்டு சென்ற ஒவ்வோர் உறையும் திரும்பி வர வேண்டும். பாபநாசத்தில் நீராடுவோர் ஆற்றில் விட்டுச் செல்லும் துணிகள் குவியல் குவியலாக அள்ளப்படுவதை அறிந்தவர்கள், ஓடையில் ஒரு சோப்புத் துண்டைக்கூட இட மாட்டார்கள்.

அட்டையைப் பற்றிச் சென்னைப் பிள்ளைகளுக்குப் பெரிய அச்சம் உண்டு. நெருங்கிய நெசவுள்ள நீண்ட காலுறை அணிந்தால் பெரும்பாலும் தப்பலாம். கடித்துவிட்டாலோ அதனை வெடுக்கென்று பிடுங்காமல், வாய்ப்பகுதியில் நகத்தை மெல்லச் செலுத்தி விடுவித்து, புண்ணைக் கழுவிவிட்டால் போதும். பாம்பைப் பற்றிய எச்சரிக்கை அதனினும் இன்றியமையாதது. கண் காணாத இடத்தில் கையையோ காலையோ வைக்காதீர்கள். நம் நாட்டில் வழக்கமாகத் தரப்படும் விடமுறிவு மருந்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சிற்கே உரியது. மழைக்காட்டுக் குழிவிரியன்களுக்கு உரியதன்று. மருத்துவமனையும் மணிக்கணக்கான தொலைவில் இருக்கும். ஆகவே காட்டில் சிறந்த மருத்துவம் கவனமே. இழைப்பு, ஒவ்வாமை, வலிப்பு போன்ற தொல்லை உடையவர்கள் அதனை மறைக்காமல் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். மருந்து தங்குமிடத்திலன்று, உடலோடு இருக்க வேண்டும்.

இதனை நான் அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. முன்னர்ச் சொல்லுவதாகக் கூறிய செய்திக்கு வந்துவிட்டேன்.

1994 சித்திரை மாதம். நான் அப்போது பூகோள ஆசிரியன். வயது முப்பதைக் கடந்தவன். மலைகளைப் பற்றிப் புத்தகத்தில் உள்ளதெல்லாம் அறிந்தவன். இருபத்துநான்கு மாணவர்களோடு பாபநாசத்திற்கு மேலே சென்றேன். எங்களுக்கு வழிகாட்டியவர் காணி இனத்து முதியவர் ஒருவர். சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி போன்ற இடங்களில் காணி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். காலையில் முழங்காலளவு நீருள்ள ஓர் ஓடையைக் கடந்தோம். பகல் ஒரு மணியளவில் முதியவர் நின்றார். ஓடைக்கரையில் குனிந்து பார்த்தார். "ஐயா, மேலே மழை விழுந்துவிட்டது. திரும்பிவிடுவோம்" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் தலைக்குமேல் வானம் வெளுத்திருந்தது. அட்டவணையைப் பார்த்தேன். அதில் இன்னும் ஓர் அருவி பாக்கி இருந்தது. "இன்னும் அரைமணி நேரம் போதும்" என்று சொல்லி மேலே நடந்தேன். அவர் மறுமொழி சொல்லவில்லை, உடன் வந்தார்.

நாங்கள் திரும்பியபோது ஓடை, ஓடையாக இல்லை. செந்நீர் மார்பளவு உயர்ந்து பாறைகளை மூடி ஓடிற்று. அக்கரைக்குச் செல்ல வழியில்லை. இருட்டிவிட்டது. ஒரு பாறையின் சரிவில் இருபத்துநான்கு சிறுவர்களும் ஒடுங்கி அமர்ந்தனர். அவர்களுள் ஒருவனுக்கு இழைப்பு நோய் உண்டு. அவன் மருந்து வண்டியில் இருந்தது. "சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று காலையில் கட்டளையிட்டவன் நான். குளிரில் அவனுக்கு மூச்சு முட்டத் தொடங்கிற்று. அந்த முதியவர் தம் முதுகைச் சுவர்போல் கொடுத்து, அவனைச் சாய்த்து உட்கார வைத்து, விடியும்வரை அசையாமல் இருந்தார். ஒவ்வொரு மூச்சையும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் நீர் வடிந்தது. கைகோத்துக் கடந்தோம். அவன் பிழைத்தான், இன்றும் நலமாக இருக்கிறான்.

வானத்தைப் பார்த்து நான் அறியாததை அம்முதியவர் எவ்வாறு அறிந்தார்? திரும்பும் வழியில் கேட்டேன். நீரின் நிறம் சற்றே மாறியிருந்ததாம். அறுந்த பச்சை இலைகள் மிதந்து வந்தனவாம். அதே ஓடையின் கரையில் நானும் நின்றேன். என் கண்ணிலும் அவை பட்டிருக்க வேண்டும். ஆனால் நான் பார்த்தது அட்டவணையை. காணி மக்களின் அறிவுக்கு ஒரு புகழ்பெற்ற சான்றும் உண்டு. 1987ஆம் ஆண்டில் அகத்தியர் மலையின் கேரளப் பகுதிக்குச் சென்ற ஆராய்ச்சியாளர்கள், உடன்வந்த காணிகள் களைப்பின்றி நடப்பதைக் கண்டு வியந்தனர். அவர்கள் இடையிடையே தின்ற சிறு காயே அதற்குக் காரணம் என்று தெரிந்தது. ஆரோக்கியப் பச்சை என்னும் அச்செடியிலிருந்து பின்னர் மருந்து செய்தனர். அதன் வருவாயில் காணிகளுக்கும் பங்கு தரப்பட்டது. அறிஞர்கள் அவர்களிடம் கேட்டுக் கற்றனர். நான் கேட்கவில்லை.

அச்சிறுவனின் தந்தையிடம் சென்னை திரும்பிய அன்றே உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மகனின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். ஆனால் அவ்வாண்டுப் பள்ளி மலரில், "எங்கள் மலைச் சுற்றுலா" என்று நான் எழுதிய கட்டுரையில் அந்த இரவு இடம்பெறவில்லை. அருவி இருந்தது, மயில் இருந்தது, அந்த இரவு இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இன்று அதனை உங்களிடம் சொல்லிவிட்டேன்.

நம் நகரத்திலேயே இதற்கு ஒத்திகை பார்க்கலாம். கிண்டியில் தேசியப் பூங்காவை ஒட்டிய சிறுவர் பூங்கா இருக்கிறது. அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்தில், 1989இல் புயற்காற்றில் தாய்த்தண்டை இழந்தும் விழுதுகளால் நிற்கும் ஆலமரம் இருக்கிறது. அனுமதிக்கும் நேரத்தில் சென்று ஒரு மணி நேரம் பேசாமல் இருங்கள். கேட்ட ஒலிகள் எத்தனை, கண்ட பறவைகள் எத்தனை என்று பென்சிலால் எழுதுங்கள். முதல் நாள் பத்து நிமிடத்தில் கைப்பேசியைத் தேடும் கை, நான்காம் வாரத்தில் அடங்கிவிடும். கிண்டியில் ஒரு மணி நேரம் அமைதியாக இருக்க இயலாதவன், பொதிகையில் நான்கு நாள் இருந்தும் ஒன்றும் காணமாட்டான்.

மாணவர் நால்வரின் தாளை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். யானையையும் குரங்கையும் அடித்துவிட்டேன். மூன்றாம் நாளை வெறுமையாக்கினேன். தாளின் தலைப்பில் சிவப்பு மையால் இரண்டு வரிகள் எழுதினேன்: "பதினொரு மணிக்குள் திரும்புதல். வழிகாட்டி அதற்குமுன் திரும்பச் சொன்னால், காரணம் கேட்பது தங்குமிடம் சேர்ந்த பிறகு." அவர்கள் அதனை ஒப்புக்கொண்டு, வரும் தை மாதத்திற்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார்கள். விடை இன்னும் வரவில்லை. ஒருவேளை, "இவ்வாண்டு பாதை மூடியிருக்கிறது" என்றே வரலாம். அப்படி வந்தால் அக்கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஞாயிறு காலையில் என்னோடு கிண்டிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் வரலாம். குறிப்பேட்டையும் பென்சிலையும் மறவாதீர்கள்.